மீன்காரியின் சிவப்பு ஊசி

மயிலாப்பூரில் அந்தப் பெண்கள் பள்ளியில் என்னோடு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், எட்டாம் வகுப்பில் பாதி ஆண்டு நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது நினைவுக்கு வரும். திமிர் என்று சொன்னீர்கள். கொஞ்சம் திமிர் இருந்தது உண்மைதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். ரேஷன் கடைப் பலகையானாலும் மின்கட்டண அட்டையானாலும் எங்கள் மாடியில் நான் படித்துச் சொன்னால்தான் உண்டு. ஆனால் அந்த மாதங்களில் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குத் திமிர் காரணமில்லை. அம்மாவின் கால் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. அது முழுதாகப் போனால் என் படிப்பும் போய்விடும். இதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இப்போது அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். வேளச்சேரியிலிருந்து வெறும் வயிற்றோடு ஓடிவரும் ஐடி பிள்ளைகளின் பட்டியலில் சர்க்கரை, கொழுப்போடு பி12 என்றும் இருக்கும். "இது எதுக்குங்க?" என்று சிலர் கேட்பார்கள். "நரம்புக்கு" என்று சொல்லிவிட்டு ஊசியைக் குத்துவேன். வரிசையில் ஆள் நிற்கும்போது அவ்வளவுதான் சொல்ல முடியும். மீதியை இங்கே சொல்கிறேன்.

பட்டினப்பாக்கத்தில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருந்தோம். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா ஃபைபர் படகில் கடலுக்குப் போவார். அம்மா கடலோரச் சாலையில் மீன் விற்பாள். ஒரு மரப்பலகை, ஒரு கத்தி, ஒரு பெரிய குடை, ஐஸ் போட்ட பெட்டி. அவளுக்கு வலப்பக்கம் என் அத்தை, நைனாவின் அக்கா, அதே மாதிரி பலகை போட்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. பலகை ஈரமாக இருக்கும்வரை இடம் அந்தப் பெண்ணுடையது. இரண்டு மூன்று நாள் யாரும் கழுவாமல் பலகை காய்ந்து கிடந்தால், அதை ஓரமாகத் தள்ளிவிட்டு வேறொருத்தி உட்காரலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஐப்பசி மழை தொடங்கியபோது முதலில் போனது அம்மாவின் நாக்கு. காரமில்லாத ரசம்கூட எரிகிறது என்றாள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். சொரசொரப்பே இல்லாமல் வழுவழுவென்று சிவந்திருந்தது. பிறகு விரல் முட்டிகள் கறுத்தன. நாள் முழுக்க ஐஸில் கை வைப்பதால் என்று எல்லோரும் நினைத்தோம். அதன்பிறகு கால்.

"பஞ்சு மேல நடக்கற மாதிரி கீதுடி," என்பாள்.

"பஞ்சுன்னா நல்லாத்தானம்மா இருக்கும்?" என்று கேட்டேன். முறைத்தாள்.

மாடிக்குக் கீழே ஓர் அடிபம்பு இருந்தது. இன்று அந்த இடத்தில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. மஞ்சள், பச்சை, ஊதா என்று குடங்கள் வரிசையில் நிற்க, ஒரு காலையில் அம்மா முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினாள். மூடியதும் பக்கவாட்டில் சாய்ந்து குடங்களின் மேலே விழுந்தாள்.

"இன்னாக்கா, காலங்காத்தாலயே ஏத்திக்கினியா?" என்றாள் கீழ்வீட்டுக்காரி.

"ஆமாண்டி, உன் புருசந்தான் ஊத்திக் குடுத்தான்," என்றாள் அம்மா, கண்ணில் சோப்போடு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் மறுபடியும் விழுந்தாள். அப்போது சிரிப்பு குறைந்தது. மூன்றாம் முறை யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அம்மா நடக்கும்போது காலை அகட்டி அகட்டி வைத்தாள். மாலை மங்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மாடியேறினாள். மீன்காரி குடிக்கிறாள் என்று குடியிருப்பு முழுக்கப் பேச்சாயிற்று.

ஒன்றை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாம் முறை விழுந்தபோது, தூக்கிவிடுவதுபோலக் குனிந்து அம்மாவின் வாயை முகர்ந்து பார்த்தேன். பால் இல்லாத டீயின் வாடைதான் இருந்தது. குடி இல்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அந்தப் பெண்களிடம் நான் அதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் போகும்போது அம்மாவுக்குப் பத்தடி முன்னால் நடந்தேன். பேருந்து நிறுத்தத்தில் நீங்கள் யாராவது நின்றால் இருபதடி.

அம்மாவின் நினைவும் பிசகியது. காலையில் சோறு கட்டித் தருபவள், ஒருநாள் டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்து, அழுத்தி மூடி, காலியாகவே பையில் வைத்துவிட்டாள். உணவு இடைவேளையில் திறந்துவிட்டு உடனே மூடியை நிமிர்த்தி மறைத்துக்கொண்டேன். சுவர்ப் பக்கம் திரும்பி, இல்லாத சோற்றை அள்ளி அள்ளித் தின்றேன். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் தயிர்சாதத்தை நீட்டினாள். எனக்குப் பசியில்லை என்றேன். அவளுக்கு அது திமிராகத் தெரிந்திருக்கும்.

அறிவியல் புத்தகத்தில் வைட்டமின் அட்டவணை வந்தது அந்தச் சமயத்தில்தான். உங்களுக்கும் அது மனப்பாடம் ஆகியிருக்கும். ஏ குறைந்தால் கண், சி குறைந்தால் ஈறு. பி12 என்ற வரியின் கடைசிக் கட்டத்தில் ரத்தசோகை, நரம்புப் பாதிப்பு என்று இருந்தது. அம்மாவுக்கு இதுதான் என்று நினைத்தேன். பிறகு பக்கத்துக் கட்டத்தைப் படித்தேன். கிடைக்கும் உணவுகள்: மீன், இறைச்சி, முட்டை, பால். மீன் விற்கிறவளுக்கு மீனில் இருக்கிற சத்து எப்படிக் குறையும்? நானே யோசித்து, நானே முடிவு செய்து, அந்த வரியைப் பென்சிலால் அடித்துவிட்டேன். ஒரு நோயை இல்லையென்று கண்டுபிடித்துவிட்ட பெருமையும் இருந்தது.

எங்கள் தெரு முனையில் மருத்துவமனை வைத்திருந்த டாக்டரும் அதையே செய்தார். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. "சாப்பாடு ஒழுங்கா சாப்பிடறியா?" என்றார். அம்மா "ஆங்" என்றாள். அவர் மூக்கை லேசாகச் சுருக்கிச் சிரித்தார். "மீன்காரம்மாவுக்குச் சத்துக் குறைச்சலா வரப்போவுது? நரம்புத் தளர்ச்சி, ரெஸ்ட் எடு." அம்மா பல காலமாக நெஞ்செரிச்சலுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரையையே அவரும் எழுதித் தந்தார்.

ரெஸ்ட் எடுத்தால் பலகை காய்ந்துவிடும். அம்மா வேலைக்குப் போய்க்கொண்டேதான் இருந்தாள். கத்தி கட்டைவிரலைக் கிழித்ததுகூடத் தெரியாமல் மீன் வெட்டினாள். வாங்க வந்த அம்மாள்தான் "ஐயோ, ரத்தம்!" என்று கத்தினாள். அது மீன் ரத்தம் என்று சொல்லி அம்மா அவளைச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள்.

நைனா அதிகம் பேசாதவர். வலையைப் பின்னிக்கொண்டே சொன்னார்: "பொங்கல் வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள சரியாவலன்னா நீ ஸ்கூல்லேர்ந்து நின்னுடு. பலகையில நீ குந்து, உங்கம்மா வூட்ல குந்தட்டும்."

"நான் எட்டாவது நைனா."

"போதும். எனக்கு ஒண்ணாவதே இல்ல."

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு பாய்ந்து வந்தாள். "அவ நிக்கக் கூடாது! நான் செத்தாலும் அவ நிக்கக் கூடாது!" வந்த வேகத்தில் வாசற்கட்டையில் இடறி நைனாவின் வலைமேலே விழுந்தாள். அவ்வளவு ஆவேசம் எதற்கு என்று எங்கள் இருவருக்கும் அன்று புரியவில்லை.

மார்கழி பத்தாம் தேதி வாக்கில் அந்தச் சண்டை வந்தது. பள்ளி விடுமுறை என்பதால் நான் அம்மாவோடு இருந்தேன். இரண்டு வஞ்சிரம் காணவில்லை என்றாள். பெட்டியைக் கிளறினாள், பலகையைப் புரட்டினாள். பிறகு நேராக அத்தையைப் பார்த்தாள்.

"எட்த்தவ குட்த்துடு."

"இன்னாடி சொன்ன?" அத்தை கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒரு மாசமா பாத்துக்கினு கீறேன். நான் அசந்தா என் பொட்டிலதான் உன் கை."

"பதினஞ்சு வருசம் உன் பக்கத்துல குந்திக்கினு கீறேன். நான் திருடியா? ஏய், நான் திருடியா?"

வரிசை முழுக்க எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. வஞ்சிரம் இரண்டும் அம்மா உட்கார்ந்திருந்த ஈரச் சாக்குக்குக் கீழேயே இருந்தன. வெயில் படாமல் இருக்க அவளேதான் வைத்திருக்கிறாள். நான் எடுத்துக் காட்டியபோதும் அவளுக்கு வைத்த நினைவே இல்லை. அத்தைதான் ஒளித்து வைத்தாள் என்று அதற்கும் சொன்னாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. "வாம்மா போலாம்" என்று இழுத்துக்கொண்டு கிளம்பினேன். வழக்கம்போல முன்னால் நடந்தேன்.

வீடு வந்து சேர்ந்து சிறிது நேரம் கழித்து அத்தை மாடியேறி வந்தாள். அவள் கையில் அம்மாவின் ரப்பர் செருப்பு ஒன்று இருந்தது. அம்மாவின் வலது கால் வெறுங்காலாக இருந்தது. பாதி வழியில் செருப்பு கழன்று விழுந்திருக்கிறது. மதிய வெயிலில் தார்ச்சாலை, பிறகு சரளைக்கல். அம்மா அதன்மேல் நடந்தே வந்திருக்கிறாள். உள்ளங்காலில் ஒரு சிறு கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது.

அத்தை அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நைனாவிடம்தான் பேசினாள். "தம்பி, இது குடியும் இல்ல, கொழுப்பும் இல்ல. கால்ல உசுரு இல்லடா. பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் இட்டுக்கினு போறேன். இவ கூட நான் பேச மாட்டேன், ஆனா இட்டுக்கினு போறேன்."

சொன்னபடியே செய்தாள். ஆட்டோவில் அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். "உங்கம்மாவ குனிஞ்சு ஏறச் சொல்லு." "உங்கத்தைய காலத் தள்ளி வெக்கச் சொல்லு." இருவர் சொன்னதையும் நான் சொல்லிக்கொண்டே போனேன்.

அங்கே எங்களைப் பார்த்தது ஓர் இளம் பெண் டாக்டர். இரண்டு முனை கொண்ட ஓர் இரும்புக் கவையை உள்ளங்கையில் தட்டினார். அது ரீங்காரமிட்டு அதிர்ந்தது. அதை அம்மாவின் கால் கட்டைவிரலில் வைத்து "அதிருதா?" என்றார். இல்லை. கணுக்காலில் வைத்தார். இல்லை. முட்டியில் வைத்தார். கொஞ்சம். இடுப்பெலும்பில் வைத்தபோதுதான் அம்மா "ஆங், இங்க அதிருது" என்றாள். காலைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். மூடியதும் அம்மா சாய்ந்தாள். டாக்டர் தயாராக நின்று பிடித்துக்கொண்டார்.

"கால் எங்க இருக்குன்னு மூளைக்கு நரம்பு சொல்லணும். இவங்க கால்லேர்ந்து அந்தச் சேதி போகல. கண்ணால பாத்துப் பாத்து நடக்கறாங்க. கண்ண மூடினா விழுந்துடறாங்க," என்றார். பிறகு நாக்கைப் பார்த்தார், விரல் முட்டிகளைப் பார்த்தார். "பி12 குறைச்சல் மாதிரியே இருக்கு. ஆனா நீங்க மீன்காரங்க. மீன் சாப்பிடுவீங்கல்ல?"

"சாப்புடறேன் டாக்டரம்மா. நேத்துகூட."

நேற்று என்ன குழம்பு என்று யோசித்தேன். சங்கரா மீன். நைனா தட்டில் இரண்டு துண்டு, என் தட்டில் ஒன்று. அம்மாவின் தட்டு? அவள் எப்போதும் கடைசியில், அடுப்படியில், தனியாகத் தின்பாள். அவள் தட்டில் மீனைப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. குழம்பு கொதிக்கும்போது கரண்டியில் எடுத்து ஊதி, "உப்பு பாருடி" என்று என் உள்ளங்கையில்தான் விடுவாள். ஒருநாளும் தானே நக்கிப் பார்த்ததில்லை. எனக்குத் தரும் மரியாதை அது என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"பொய்," என்றேன். "அம்மா மீன் சாப்பிடறதே இல்ல. முட்டையும் இல்ல. பாலும் இல்ல, பால் டீ நெஞ்சு கரிக்குதுன்னு வுட்டுடுச்சு."

அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலாம்.

மெல்ல மெல்லத்தான் சொன்னாள். எனக்கு ஐந்து வயதில், பள்ளியில் சேர்க்க வேண்டிய வாரத்தில், காய்ச்சல் கண்டு வலிப்பு வந்ததாம். பிள்ளை பிழைத்துப் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை கவுச்சியைத் தொடமாட்டேன் என்று அம்மனிடம் நேர்ந்துகொண்டாளாம். வெளியே சொன்னால் பலிக்காது என்பதால் நைனாவிடமும் சொல்லவில்லை. எட்டு வருடமாக, நாள் முழுக்க மீனை அறுத்து, வீட்டில் மீனை ஆக்கி, அதில் ஒரு துணுக்குகூட அவள் வாயில் படவில்லை.

"பாவி, எங்கிட்டயாவது சொன்னியாடி?" என்றாள் அத்தை. பேச மாட்டேன் என்றது அத்தோடு போயிற்று.

டாக்டர் திட்டவில்லை. நரம்பின் மேல் ஓர் உறை இருக்கிறது, மின்கம்பியின் மேலே ரப்பர் இருப்பதுபோல. பி12 இல்லாவிட்டால் அந்த உறை நைந்துபோகும். காலுக்கு மட்டுமல்ல, மூளைக்கும் அதுதான். மறதி, கோபம், சந்தேகம் எல்லாம் அதனால் வரும் என்று சொன்னார். நெஞ்செரிச்சல் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கியதும் சேர்ந்து கெடுத்திருக்கிறது என்றார். ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, "முடிவு வரட்டும்னு காத்திருக்க வேணாம், இன்னிக்கே ஊசி போட்டுடலாம்" என்று ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியை எடுத்தார். உள்ளே மருந்து ரோஜாப் பூ மாதிரி சிவப்பாக இருந்தது.

அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "இதுல கவுச்சி கீதா?"

"என்னம்மா?"

"மீன்லேர்ந்து எட்த்ததா? ஆட்டு ரத்தமா? செவப்பா கீதே."

டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் காட்டினார். "இல்லம்மா. கண்ணுக்குத் தெரியாத கிருமியை வளர்த்து அதுலேர்ந்து எடுக்கறாங்க."

"கிருமி கவுச்சியில சேத்தியா?" அம்மா என்னைக் கேட்டாள். படித்தவள் நான்தானே.

எட்டாம் வகுப்புப் பாடத்தில் இதற்கு விடை இல்லை. "தயிர்லகூடக் கிருமி கீதும்மா. அய்யருங்களே சாப்பிடறாங்க," என்றேன்.

அம்மா கையை நீட்டினாள்.

முதல் வாரம் தினமும் ஊசி, பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. தலை முதலில் தெளிந்தது. பதினைந்து இருபது நாளில் டிபன் பாக்ஸில் சோறும் வந்தது, அதன்மேல் ஊறுகாயும் வந்தது. தெளிந்த தலைக்குத் தான் பேசியதெல்லாம் நினைவு வந்துவிட்டது. அத்தையின் பக்கம் போகவே கூசினாள். பொங்கலுக்கு முந்தின நாள் அம்மாவை நான் கையைப் பிடித்துக் கடலோரம் கூட்டிப்போனேன். மூன்று வாரமாக அவள் போகவில்லை. வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் போனோம். அம்மாவின் பலகை அதே இடத்தில் ஈரமாக இருந்தது. தன் பலகையைக் கழுவும்போதெல்லாம் அத்தை இதற்கும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

"இன்னா நின்னுக்கினு கீற? வா, வந்து திருடி பக்கத்துல குந்து," என்றாள்.

அம்மா உட்கார்ந்தாள். நைனா என் படிப்பைப் பற்றி மறுபடி வாய் திறக்கவில்லை. பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை என்பதுதான் வேண்டுதல் என்று தெரிந்தபிறகு அவராலும் என்ன சொல்ல முடியும்? பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த அன்று அம்மா நெத்திலி வறுத்து, பதிமூன்று வருடம் கழித்து ஒன்றை வாயில் போட்டாள். மென்றாள். "இவ்ளோ நாளா உப்ப இப்டியா போட்டுக்கினு இருந்தேன்? ஒருத்தராவது சொன்னீங்களா?" என்று எங்களைத்தான் திட்டினாள்.

கால் மட்டும் மெதுவாக வந்தது. ஒவ்வொரு மாதமும் டாக்டர் அந்தக் கவையை வைத்துப் பார்ப்பார். உணர்வு இடுப்பிலிருந்து முட்டிக்கு இறங்கியது. முட்டியிலிருந்து கணுக்காலுக்கு இறங்க வேனிற்காலம் முழுதும் ஆயிற்று. சில மாதம் முன்னால் வந்திருந்தால் விரல் வரைக்கும் சீக்கிரம் வந்திருக்கும் என்று டாக்டர் ஒருமுறை சொன்னார். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சில மாதம் எது என்று எனக்குத் தெரியும். நான் முன்னால் நடந்த மாதங்கள் அவை. இன்றைக்கும் அம்மாவின் வலது கால் விரல்கள் பாதிதான் அவளுடையவை.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கும், ஒரு செவ்வாய்க்கிழமை. ஊசிக்கு வருவது எப்போதும் செவ்வாய்தான். சீட்டு வாங்க, எந்த அறை என்று படிக்க நான் வேண்டும் என்பதால் மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்குப் போக முடியாது. மதியமாவது போகலாம் என்று அன்று சீருடையிலேயே வந்திருந்தேன். டாக்டர் அம்மாவைக் கண்ணை மூடச் சொன்னார். கவையை எடுத்துக் கால் கட்டைவிரலில் வைத்தார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை அவர் அதைத் தட்டவே இல்லை. வெறும் இரும்பைத்தான் வைத்திருந்தார்.

"அதிருதாம்மா?"

"அதிருதே! நல்லாவே அதிருது டாக்டரம்மா. எல்லாம் சரியாப்பூடுச்சு. இனிமே வரத் தேவையில்லல்ல?"

டாக்டர் என்னைப் பார்த்தார். முதல் நாள் பொய் என்று பட்டென்று சொன்ன நான், அன்று அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் என் சீருடையைப் பார்த்தார்.

"இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?"

"கீது டாக்டரம்மா," என்றாள் அம்மா, இன்னும் கண்ணை மூடியபடி. "கணக்குப் பரிச்ச. மாசாமாசம் இதே மாதிரி ஒண்ணு வுட்டுப்பூடுது அவளுக்கு."

டாக்டர் கவையை மேசைமேல் வைத்தார். அம்மாவின் அட்டையை எடுத்து, செவ்வாய் என்று இருந்ததை அடித்துவிட்டு அதன்மேல் சனி என்று எழுதினார்.

"இனிமே சனிக்கிழமை வாங்க. ஸ்கூல் லீவுதானே."

அம்மா கண்ணைத் திறந்தாள். "அப்போ இன்னும் வரணுமா?"

"வரணும்," என்று டாக்டரும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்.